நோன்புக்கு வீடு கழுவும்போது அந்தப் பெட்டியை எறியாதீங்க

எங்கட ஊர்களில் வரலாறு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எறியப்படுகிறது. நோன்பு வருவதற்கு இரண்டு கிழமைக்கு முந்தி வீடு கழுவி, சுண்ணாம்பு அடித்து, அலுமாரிக்கு மேலே கிடப்பதையெல்லாம் இறக்கிப் பார்ப்போம். பழைய கசட்டுகள், ஓடாத ரேடியோ, வயர் அறுந்த அயன்பெட்டி, அதோடு சேர்த்து ஒரு மஞ்சளித்துப்போன கீபோர்ட் மாதிரியான சாமான். தெருவில் “பழைய இரும்பு, போத்தல், பேப்பர்” என்று சத்தம் கேட்டதும் எல்லாம் ஒரே சாக்குக்குள் போய்விடும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, எந்த ஊரென்றாலும் இதுதான் நடப்பு.

அந்த மஞ்சளித்த சாமானைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது கீபோர்ட் இல்லை, முழுக் கொம்பியூட்டர். 1980களில் வீட்டுக் கணினி எப்படி இருந்தது என்பதை எங்கள் வயதுக்காரர் அநேகமாகப் பார்த்ததே இல்லை. கணினி முழுவதும் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும். டிவியில் சொருகினால் திரை. கசட் ரெக்கோடரில் சொருகினால் சேமிப்பு. அவ்வளவுதான். அதனால்தான் அதைக் கண்டவர்கள் “கொம்பியூட்டர உட்டுட்டு கீபோர்ட மட்டும் வெச்சிருக்கான்” என்று எறிந்து விடுகிறார்கள்.

எங்கள் வாதத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். அந்தப் பெட்டியைத் திரும்ப ஓட வைப்பது ஓய்வு நேர விளையாட்டு இல்லை, ‘டெக்னிக்கல் பொடியன்மார்’ மட்டும் பார்க்கிற வேலையும் இல்லை. இந்தக் கரையோரத்தின் கடந்த 40 வருஷத்தை வாசிக்க விரும்புகிற யாரும் செய்ய வேண்டிய வேலை அது. முக்கியமாக, கலைப்பீடத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

யார் கொண்டு வந்தது?

இலங்கையில் கணினி வந்த கதையைக் கேட்டால் கொழும்பில்தான் தொடங்குவார்கள். ஆதர் சி. கிளார்க் 1983-84 காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு கேப்ரோ கணினியைத் தொலைபேசி இணைப்பில் போட்டு, அமெரிக்காவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு ‘2010’ படத்துக்காக எழுத்து மூலம் பேசியதைச் சொல்வார்கள். நல்ல கதை. அதை நாங்கள் மறுக்கவில்லை. இந்தியாவில் கேட்டால், 1984இல் பாடசாலைகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்த அரசுத் திட்டத்தைச் சொல்வார்கள். அதுவும் உண்மை.

ஆனால் எங்கட ஊர்களுக்கு அரசும் கொண்டு வரவில்லை, உலகப் புகழ் எழுத்தாளரும் கொண்டு வரவில்லை. கூலிக்குப் போனவர்கள் கொண்டு வந்தார்கள். குவைத்திலும் சவூதியிலும் ட்ரைவராக, ஸ்டோர்கீப்பராக, சமையல்காரராக வேலை செய்தவர்கள் சூட்கேசில் துணியால் சுற்றிக் கொண்டு வந்தார்கள். இலங்கைக் கணினி வரலாற்றில் அந்த சூட்கேசுக்கு ஒரு வரி கூட இல்லை. ஏனென்றால் வரலாறு எழுதுகிறவர்களுக்கு வளைகுடாவிலிருந்து வருவது தங்கமும், பால்மாவும், போர்வையும்தான்.

குவைத்தில் முஹம்மத் அல்ஷாரிக் என்பவர் 1982இல் அல்ஆலமிய்யா என்ற கம்பனியைத் தொடங்கினார். அவர்கள் விற்ற கணினியின் பெயர் ‘ஸக்ர்’. 1983இல் யப்பானின் ஆஸ்கி நிறுவனமும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து அறிவித்த எம்எஸ்எக்ஸ் என்ற பொதுத் தரத்தில் செய்யப்பட்டது. யமஹா போன்ற கம்பனிகள் பெட்டியைச் செய்து கொடுக்க, குவைத்துக்காரர்கள் அதற்குள் அறபைப் போட்டார்கள். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து, சொல்லின் தொடக்கம், நடு, கடைசி என்று இடத்துக்கு இடம் உருவம் மாறும் எழுத்து, எல்லாம் சிப்பிலேயே இருந்தது. குர்ஆன் மென்பொருளும் அதற்காகச் செய்தார்கள். வீட்டில் குர்ஆன் ஓதும் ஒரு கல்முனைக்காரர் குவைத் கடையில் டிவித் திரையில் அறபு எழுத்தைக் காணும்போது என்ன நினைத்திருப்பார்? இரண்டு மாதச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, புள்ளைகளுக்கு இது வேணும் என்று நினைத்திருப்பார்.

அப்படி நினைத்த ஒருவர் எங்களில் ஒருத்தரின் மாமா. அவர் கொண்டு வந்த ஸக்ர்தான் சென்ற வருஷம் நாங்கள் திருத்தியது.

திருத்திய விதம்

இதை விபரமாகச் சொல்வது பெருமைக்கு இல்லை. உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கலாம், அதற்காக.

முதல் விதி: கண்டதும் கரண்ட் கொடுக்கக் கூடாது. முப்பது வருஷமாகக் கிடந்த பெட்டியில் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், அல்லது ஒழுகியிருக்கும். எடுத்த எடுப்பில் 230 வோல்ட் கொடுத்தால், நல்லா இருக்கிற சிப்புகளையும் அது எரித்து விடும். எங்கள் வீடுகளிலிருந்து கடற்கரை நடந்து போகிற தூரம். உப்புக்காற்று செம்பைத் தின்னும். நாங்கள் மூடியைக் கழற்றியபோது சர்க்கிட் போர்டில் பச்சை பூத்திருந்தது. ஐசோப்ரோபைல் அல்ககோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் அதற்குப் போதுமாக இருந்தன. வீங்கியிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினோம். டிவி திருத்துகிற கடைக்காரக் காக்கா ஒருவர்தான் எங்களுக்கு வாத்தியார். பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாகத் தொடராக விட்டார். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பும். பிறகு போர்டைக் கழற்றி வைத்து விட்டு, பவர் சப்ளையில் 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 12 வோல்ட் மூன்றும் ஒழுங்காக வருகிறதா என்று மீட்டரில் பார்த்தோம். வந்த பிறகுதான் போர்டை மாட்டினோம்.

கீபோர்டில் பாதிக் கீக்கள் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்க மூன்று பின்நேரங்கள் எடுத்தன. படத்துக்கான வயரை டிவியின் மஞ்சள் ஓட்டைக்குள் சொருகி சுவிட்ச் போட்டால், திரையில் அறபு எழுத்து நின்றது. உம்மம்மா “பிஸ்மில்லாஹ்” என்றார். நாங்கள் கத்திய சத்தத்தில் பக்கத்து வளவிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்களுக்குப் பெட்டியை விட முக்கியம் அதோடு கிடந்த மூன்று கசட்டுகள். அந்தக் காலக் கணினி தகவலைச் சத்தமாக எழுதும். பூச்சியத்துக்கு 1200 ஹேர்ட்ஸ், ஒன்றுக்கு 2400 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 1200 பிட். கேட்டால் கீச்சுச் சத்தம்தான். ரெக்கோடரின் பெல்ட் தாராக உருகியிருந்தது, ரேடியோ கடையில் வாங்கிப் புதிதாகப் போட்டோம். நாடா அறுந்தால் எல்லாம் போச்சு என்பதால், கணினியில் போட முந்தி ஒவ்வொரு கசட்டையும் ஒரு தடவை ஓட விட்டு லப்டொப்பில் ஒலியாகப் பதிந்து வைத்தோம். மறுகா அந்த ஒலியையே ஸக்ருக்குள் அனுப்பினோம். முதல் கசட் பாடத் திட்டம் ஒன்று, பாதியில் நின்றது. இரண்டாவது முழுக்க நாகூர் ஹனிபா, யாரோ மேலே பதிந்து விட்டார்கள். மூன்றாவதில் ஒரு பெயர் விழுந்தது. எம்எஸ்எக்ஸ் கசட்டில் கோப்பின் பெயர் 6 எழுத்துக்கு மேல் போகாது. ஆங்கில எழுத்தில் 6 எழுத்து: சி, எச், ஈ, ஈ, டி, யூ.

சீட்டு.

அது மாமா பேசிக் மொழியில் எழுதிய ஒரு சின்ன ப்ரோகிராம். குவைத்தில் ஒரே அறையில் இருந்த எங்கட ஊர் ஆட்கள் போட்ட சீட்டின் கணக்கு. 12 பேர், மாதாமாதம் எத்தனை தினார், யார் எடுத்தது, யாருக்கு இன்னும் வர வேண்டும். ஜூலை 1990 வரை கட்டிய காசு இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து எல்லோர் பெயருக்கு நேரேயும் பூச்சியம்.

ஆகஸ்ட் 2, 1990இல் ஈராக் இராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. அடுத்த நாள் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு கிழமைக்குள் எங்கட ஊர் ஆட்களுக்கு இருக்கிற இடமும் இல்லை, திரும்பிப் போகிற இடமும் பாதுகாப்பு இல்லை. இதை நாங்கள் வகுப்பில் இரண்டு வேறு பாடங்களாகப் படித்தோம். ஒன்று சர்வதேச அரசியல், மற்றது இலங்கை இனப்பிரச்சினை. இரண்டும் ஒரே அறையில் 12 பேரின் தலையில் விழுந்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஒரு கசட் சொன்னது.

மாமாவிடம் திரையைக் காட்டினோம். கன நேரம் கதைக்கவில்லை. பிறகு நாலாவது பெயரைத் தொட்டு, “இவருக்கு நான் குடுக்கணும் மனே. அவர் மௌத்தாகிட்டார். புள்ளைகள் எங்க இருக்காங்க எண்டு பாரு” என்றார்.

அந்தப் பெயர்களை இங்கே நாங்கள் போடவில்லை. அது அவர்களுடைய கடன், அவர்களுடைய கதை.

“போனிலயே எல்லாம் இருக்கே”

எங்களிடம் சொல்லப்பட்ட ஆட்சேபங்களுக்கு வருவோம்.

“உங்கட கையில இருக்கிற போன் இதை விட எத்தனை மடங்கு பெரிசு, என்னத்துக்கு இதோட மினக்கெடுறீங்க?” கணக்கு எங்களுக்கும் தெரியும். அந்தப் பெட்டியின் நினைவகம் 64 கிலோபைட். 4 ஜிகாபைட் உள்ள சாதாரணப் போன் அதை விட 65,536 மடங்கு. ஆனால் அந்தக் கசட்டை அந்தப் போன் வாசிக்காது. வாப்பாவின் கையெழுத்தை வாசிக்கக் கண்தான் வேணும், டெலஸ்கோப் வேணாம். ஒரு கருவியின் பெறுமதி அதன் பலத்தில் மட்டும் இல்லை, அது எதைத் திறக்கும் என்பதிலும் இருக்கிறது.

“எமுலேட்டர் இருக்கே, லப்டொப்பிலேயே ஸக்ரை ஓட விடலாமே?” ஓட விடலாம். நாங்களும் பாவிக்கிறோம். யாராவது ஒருவர் உண்மையான பெட்டியைத் திறந்து, சிப்புகளை வாசித்து, பிரதி எடுத்துப் போட்டதால்தான் அந்த எமுலேட்டர் இருக்கிறது. உலகத்துக்குப் பொதுவான விளையாட்டுகளும் பாடங்களும் அதில் கிடைக்கும். உங்கட மாமாவின் சீட்டுக் கணக்கு எந்த இணையத்திலும் கிடைக்காது. அது உங்கட அலுமாரிக்கு மேலே மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அடுத்த நோன்பு வரைக்கும்.

மூன்றாவது கூட்டத்தோடு எங்களுக்கு அதிகக் கோபம். இவர்கள் பழசை எறிவதில்லை, ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று படம் எடுத்துப் போடுவார்கள். துடைத்து, ஷோகேசில் வைத்து, லைட் போட்டு, பாட்டோடு ஒரு ரீல். சுவிட்ச் போட்டுப் பார்த்ததே இல்லை. ஓடாத கணினி பூட்டிய புத்தகம். அட்டையைக் காட்டி “என்ன அழகு” என்று சொல்கிறவர் வாசகர் இல்லை. அந்தக் காலம் பொற்காலமும் இல்லை. அந்த அறையில் 12 பேர் இருந்தது ஆசைக்கு இல்லை.

கடைசி ஆட்சேபம் எங்களை நோக்கியது. “கலைப்பீடப் புள்ளைகளுக்கு ஏன் சோல்டரிங் அயன்?” ஊரில் கலைப்பீடம் என்றாலே ஒரு இரக்கப் பார்வை உண்டு. “படிச்சு என்ன செய்யப் போறீங்க, பக்கத்தில ஐ.டி. கோர்ஸ் ஒண்டும் செய்யுங்க” என்பார்கள். எங்கட பதில் இது. ஓலைச்சுவடி வாசிக்க வேண்டிய காலத்தில், சுவடிக்கு எண்ணெய் பூசவும் மை தடவவும் தெரிந்தவர்தான் தமிழறிஞர். அதை யாரும் ‘டெக்னிக்கல் வேலை’ என்று ஒதுக்கவில்லை. 1985இல் எங்கட ஆட்கள் எழுதியது கசட்டில் இருந்தால், 2000இல் எழுதியது ஃப்ளொப்பியில் இருந்தால், கசட்டையும் ஃப்ளொப்பியையும் திறக்கத் தெரியாத வரலாற்று மாணவர் எதை வைத்து வரலாறு எழுதுவார்? கொழும்புப் பத்திரிகைக் கட்டிங்கை வைத்தா?

இதை விடப் பெரிய இழப்பு ஒன்று வருகிறது

ஸக்ர் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. ஆனால் 1990களின் கடைசியிலிருந்து எங்கள் ஊர்களின் அச்சகங்களில், டைப்செட்டிங் கடைகளில் கணினி இருந்தது. விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. கல்யாணக் காட், மௌத்து அறிவித்தல், பள்ளிவாசல் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கவிதைத் தொகுதி, தேர்தல் நோட்டீஸ், எல்லாம் அதில்தான். அச்சடித்த பிரதிகள் கறையான் தின்று, மழையில் நனைந்து போயிருக்கும். கணினியில் இருப்பது மிச்சம்.

அந்த மிச்சத்துக்கும் இரண்டு பூட்டு. ஒன்று எழுத்து. பாமினி யுனிகோட் இல்லை, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு. யுனிகோட் தமிழுக்கு 1991இலேயே இடம் கொடுத்து விட்டது, ஆனால் எங்கள் அச்சகங்களுக்கு அது வந்து சேரக் கன காலம் எடுத்தது. பாமினி இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல், ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற குப்பையாகத் தெரியும். குப்பை என்று நினைத்து அழித்து விடுவார்கள். மற்றப் பூட்டு இரும்பு. பழைய போர்டுகளில் ஒட்டியிருந்த சார்ஜ் ஏறும் பற்றரி ஒழுகிச் சுற்றியுள்ள செம்புக் கோடுகளைத் தின்னும். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த போர்டுகள் பலவற்றில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. ஹார்ட் டிஸ்க்கும் எந்த நாளும் காத்துக் கொண்டிருக்காது.

இந்தக் கரையில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. டிசம்பர் 26, 2004இல் கடல் வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரையோர வீடுகளோடு படங்களும், கடிதங்களும், கசட்டுகளும் போயின. அன்றைக்கு மௌத்தானவர்களின் கல்யாணக் காட் ஒரு அச்சகக் கணினியில் இன்னும் இருக்கலாம். அவர்களின் பெயர் அச்சில் வந்த ஒரே இடம் அதுவாக இருக்கலாம். கடல் எடுக்காமல் விட்டதை நாங்கள் கிலோக் கணக்கில் விற்கிறோம்.

“அரசாங்கம் செய்யட்டும், நூலகம் செய்யட்டும்” என்பீர்கள். செய்யட்டும், வேணாம் என்றில்லை. ஆனால் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது அரசாங்கம் சொல்லியா? தன்னார்வலர்கள் கையால் தொடங்கியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைச் செய்தது யாருடைய கட்டளையில்? ஸக்ரைச் செய்த அல்ஷாரிக் 2024இல் மௌத்தானார். அதற்கு முந்தி அவர் பழைய அறபுச் சஞ்சிகைகளை மின்வடிவமாக்கி, யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைத்தார். கணினி விற்றவருக்கே கடைசியில் விளங்கியது, பெட்டி எழுத்துக்காகத்தான் என்று.

என்ன செய்யலாம்

பெரிய திட்டம் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை.

வீட்டில் பழைய கணினி, கசட், ஃப்ளொப்பி, ஹார்ட் டிஸ்க் எது கிடந்தாலும் விற்க முந்தி ஒரு ஆளிடம் காட்டுங்கள். சும்மா சுவிட்ச் போட்டுப் பார்க்காதீங்க. உலர்ந்த இடத்தில், கடற்காற்று படாமல் வையுங்கள். பற்றரி தெரிந்தால் அதை மட்டும் கழற்றுங்கள். பெட்டியின் மேல் ஒரு துண்டில் யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் என்று எழுதி ஒட்டுங்கள். கொண்டு வந்தவர் உயிரோடு இருந்தால், போனை எடுத்து அவர் கதையைப் பதிந்து கொள்ளுங்கள். பெட்டி இன்னும் பத்து வருஷம் தாங்கலாம், ஆள் தாங்குவாரா?

அச்சகக்காரக் காக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். பழைய கணினியை மாற்றும்போது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்து வையுங்கள். பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. நாங்கள் வந்து மாற்றித் தருவோம். காசு வேணாம், பிளேன்டி போதும். கோப்பில் இருக்கும் அந்தரங்கம் அந்தக் குடும்பத்துக்குரியது. கேட்காமல் எதையும் வெளியே விட மாட்டோம்.

கலைப்பீட நண்பர்களுக்கு: கடைசி வருஷ ஆய்வுக்குத் தலைப்பு இல்லை என்று அலைகிறீர்களே, உங்கட தெருவில் ஒரு அச்சகம் இருக்கிறது. டிவி திருத்தும் காக்கா இருக்கிறார். அவரிடம் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். நாலு வருஷத்தில் நாங்கள் பெறாத ஒரு வாசிப்புப் பயிற்சி அந்த மேசையில் கிடைத்தது.

மாமா கேட்ட அந்த நாலாவது பெயருக்குரியவரின் புள்ளைகளை இன்னும் தேடிக் கொண்டிருக்கிறோம். உங்கட வீட்டில் குவைத்திலிருந்து வந்த கசட் ஏதாவது கிடந்தால், அதையும் கொண்டு வாங்க. யார் யாருக்குக் கடன் என்று சேர்ந்து பார்ப்போம்.